திங்கட்கிழமைக் கோயில்

மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இன்றைக்கு யாராவது கூப்பிட்டு நிறுத்தினாலும் கேட்க மாட்டேன்.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்வது என் வேலை. சனிக்கிழமை சென்னையிலிருந்து கார்கள் வரிசையாக வரும். ஞாயிறு மதியத்துக்குள் எல்லோரும் காலி செய்துவிட்டுப் போவார்கள். குளியலறை முழுக்க மணல், கட்டில் முழுக்க ஈரத் துண்டு. அன்றைக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் ஏற இறங்கப் பார்ப்பார். எனக்கு ஓய்வு திங்கட்கிழமைதான். திருப்போரூர்ச் சாலையில் இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலிலோ, சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம், ஆராதனை ஞாயிறு காலை மட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நினைத்து மனசு அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு திங்கட்கிழமை பாஸ்டர் ஜெபம் பண்ண வீட்டுக்கு வந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமை காய்ச்சல்னு சொல்லிட்டு கோயிலுக்கு வந்துடட்டுமா?"

அவருக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. அம்மா கொடுத்த டீயை ஊதிக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு உன் ரூமெல்லாம் யாரு செய்வா?"

"கூட வேலை செய்ற அக்கா."

"அந்தம்மா முதுகு ஒடியும், நீ இங்க வந்து பாட்டு பாடுவியா? பொய் சொல்லிட்டு வந்து என் முன்னாடி முட்டி போடாதம்மா. வேலைக்குப் போ. திங்கக்கிழமை சாயந்திரம் கோயிலைத் தொறந்து வைக்கிறேன், வா."

சொன்னபடி திறந்து வைத்தார். நானும் அம்மாவும், ஞாயிறு டூட்டி பார்க்கிற இன்னும் சிலரும் போவோம். ஆள் குறைவு என்று ஒரு ஜெபத்தைக்கூட அவர் சுருக்கியதில்லை. அங்கி போட்டுக்கொண்டு, அப்பமும் ரசமும் வைத்துத் திருவிருந்தும் கொடுத்தார். சபைக் கமிட்டிக்கு இது பிடிக்கவில்லை. செக்ரட்டரி ரிட்டயர்டு வாத்தியார். "ஆண்டவருக்கே இவரு ஷிஃப்ட் போடறாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கூடுவாஞ்சேரியில் வேன் ஓட்டுகிறவர். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். அதை ஓலை வாசிப்பது என்போம். மூன்றாவது ஓலை வாசிக்காமல் கோயிலில் கல்யாணம் இல்லை. அப்பாவைக் கடைசியாக அந்தக் கோயிலிலிருந்துதான் தூக்கிப் போனோம். என் தாலியும் அங்கேதான் ஏற வேண்டும் என்பது அம்மாவுக்கு வைராக்கியம்.

மூன்றாவது ஞாயிறு. நான் பெட்ஷீட்டை இழுத்துச் சொருகிக்கொண்டிருந்தேன். போனில் அம்மா.

"அந்த வாத்தியாரு எழுந்து நின்னுட்டாருடி. உன் பேரைப் படிக்கக் கூடாதாம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வராதவ சபைப் பிள்ளையே இல்லையாம். அடுத்த வாரம் நீ வந்து எல்லாருக்கும் முன்னாடி மன்னிப்பு கேக்கணுமாம். அப்பதான் படிப்பாங்களாம்." அழுதுகொண்டே சொன்னாள். "கேட்டுடு கண்ணு. ஒரு வார்த்தைதானே?"

பத்திரிகை வைத்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறுக்கு மறுநாள் கல்யாணம். ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரி நேராகப் போய் நிற்பது பஸ் ஸ்டாண்டு பிரியாணிக் கடையில். அந்தப் பிரியாணி போடுகிற மாஸ்டரும் எங்கள் சபைதான். அவர் எந்த ஞாயிறு கோயிலுக்கு வந்தார்? அவரை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொன்னதில்லை.

சூப்பர்வைசரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "கோயில்ல கூப்புட்றாங்க சார். போயிட்டு மதியத்துக்குள்ள வந்துடறேன்." என்ன நினைத்தாரோ, பர்மிஷன் கொடுத்தார். யூனிஃபார்மோடு போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வா என்று அம்மா கெஞ்சினாள். மாட்டேன் என்றேன். எந்த வேலைக்காக நிறுத்துகிறார்களோ அந்த வேலையின் துணியோடுதான் நிற்பேன்.

ஆல்டர் மேடைக்கு முன்னால் நின்று சபையைப் பார்த்தேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்? பொய் சொல்லாம வேலைக்குப் போனேன். அதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்."

பாஸ்டர் இறங்கி வந்தார். "அந்தப் புத்தி சொன்னவன் நான். மன்னிப்பு வேணும்னா நான் கேக்கறேன்" என்று என் பக்கத்தில் முட்டி போடப் போனார். எனக்குக் கோபம் வந்தது. அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் ஐயா. நீங்க கேட்டா, நான் செஞ்சதும் தப்புன்னு ஆயிடும்."

என்னைப் பார்த்தார். பிறகு மேலே போய், மூன்றாவது ஓலையை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

"கமிட்டி ஒத்துக்கல!" செக்ரட்டரி எழுந்துவிட்டார்.

"கமிட்டி என்னை வேற ஊருக்கு மாத்தட்டும்" என்றார் பாஸ்டர். "ஆட்சேபணை உள்ளவங்க நில்லுங்க. ஆனா ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போற புள்ளைங்க இல்லாத வூட்டுக்காரங்க மட்டும் நில்லுங்க."

ஒருவரும் எழவில்லை. செக்ரட்டரி மட்டும் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் சம்சாரத்தின் குரல் கேட்டது. "உக்காருங்க சொல்றேன். நம்ம பொண்ணு இப்ப செங்கல்பட்டுல டூட்டில கீறா." அவர் பெண் நர்ஸ். அவர் உட்கார்ந்தார். யாரோ சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மதியத்துக்குள் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் அதே கோயிலில் என் கழுத்தில் தாலி ஏறியது.

கமிட்டி சும்மா இருக்குமா? மேலே எழுதிப் போட்டு, அடுத்த மாற்றலில் பாஸ்டரைத் தொலைவாக அனுப்பிவிட்டார்கள். புதியவர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை சாயங்காலம் கோயில் கதவில் பூட்டுத் தொங்கியது. செக்ரட்டரி சாவியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார் என்றார்கள். அம்மா திரும்பிப் போகலாம் என்றாள். எனக்குப் போக மனமில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, உள்ளே கேட்கிற மாதிரி உரக்கப் பாட ஆரம்பித்தோம்.

முதல் பாட்டு முடியவில்லை. ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. செக்ரட்டரியின் பெண். அன்றைக்கு அவளுக்கு ஓய்வு நாள்.

"தள்ளுக்கா" என்று என்னை நகர்த்திவிட்டு, கையிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள்.