மாகறலிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு நாற்பது பெட்டி பாஸ்தா

மாகறலில் விறகு அடுப்பு வைத்து முதன்முதலில் பேக்கரி கட்டியவன் நான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அடுப்பின் செங்கல் வளைவை யாரிடமும் கேட்காமல் நானே கட்டினேன். இரண்டு முறை இடிந்து விழுந்தது. மூன்றாம் முறை நின்றது, இன்றும் நிற்கிறது. கடைத்தெருவில் இடம் தர மாட்டோம் என்றார்கள். ஊர்க் கோடியில் போட்டேன். யார் கை பட்ட பன் என்று விசாரித்துவிட்டு வாங்காமல் போனார்கள். சைக்கிளில் கட்டிக்கொண்டு உத்திரமேரூர் வரை மிதித்து, அந்தக் கேள்வி கேட்காதவர்களிடம் விற்றேன். மாடி வீடு கட்டினேன். மகள் எஸ்தரை நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய் வந்ததை எழுதுமுன், போனவன் எப்படிப்பட்ட ஆள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எஸ்தர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவுக்காரர் ஏகாம்பரம் வீட்டு மாடியில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறாள். நல்ல மனிதர்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் ஏகாம்பரத்தின் மனைவி கோமதி படியேறி வந்து பார்ப்பார். பொங்கலன்று கீழேயிருந்து கிண்ணம் மேலே வரும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு மேலேயிருந்து போகும் கேக், பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் போய்விடும். முட்டை சேர்ந்தது என்று காரணம். முட்டையில்லாமல் செய்து கொடுத்த வருடமும் அங்கேதான் போனது. எஸ்தர் இதை என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

அந்த வீட்டுப் பெண் யாழினிக்கு ஒன்பதாவது பிறந்தநாள். மாடிக்கு வந்து எஸ்தர் செய்யும் பாஸ்தாவைத் தின்று பழகிய பிள்ளை, வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. ஏகாம்பரமே மாடிக்கு வந்து, நாற்பது பேருக்குச் செய்து தர முடியுமா என்று கேட்டார். அந்தப் பிள்ளையை விட்டால், அந்த வீடும் அந்தச் சொந்தமும் எஸ்தர் கையால் சாப்பிடப்போவது அதுதான் முதல் தடவை. அதனால்தான் அவள் சனிக்கிழமையே மாகறலுக்கு வந்துவிட்டாள். அவளிடமிருக்கும் கரண்ட் அடுப்பில் ஒரு தடவைக்கு ஆறு பெட்டிதான் வைக்கலாம். என் அடுப்பில் நாற்பதும் ஒரே மூச்சில் போகும்.

காலை ஐந்து மணி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பாஸ்தா என்பது குழாய் போன்ற கோதுமைத் துண்டு. அதை வேகவைத்து, தக்காளிக் குழம்பில் புரட்டி, வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டுக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பை மேலே ஊற்றி, சீஸ் துருவிப் போட்டுச் சுட வேண்டும். எஸ்தர் முக்கால் வேக்காட்டிலேயே வடித்தாள்.

“இன்னாம்மா, நறுக்கு நறுக்குன்னு இருக்குது?”

“அங்க போயி இன்னொரு சூடு இருக்குதுப்பா. இப்பவே வெந்துட்டா அப்ப கூழாயிடும்.”

முட்டை கேக் சுட்ட தட்டு எதையும் தொடவில்லை. இதற்காகவே நான்கு தட்டு புதிதாக வாங்கியிருந்தேன். ஆளுக்கொரு அலுமினியப் பெட்டியில் போட்டு, அந்தத் தட்டுகளில் வைத்துச் சுட்டோம். பெட்டி ஒன்று ஐந்து ரூபாய்.

காலை ஏழு இருபதுக்குப் பேருந்து. பதினாறு கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். பெட்டிகளை இரண்டு கூடையில் அடுக்கி, ஒன்றை நானும் ஒன்றை எஸ்தரும் மடியில் வைத்துக்கொண்டோம். நடத்துனர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

“இன்னா பெரியவரே, பஸ்ஸே மணக்குது. எதுனா கல்யாணமா?”

“பாஸ்தா.”

“அது இன்னாது?”

“சேமியாவுக்கு அண்ணன் முறை.”

“ஒரு பொட்டி இப்பிடித் தள்றது!”

“எண்ணி வச்சிருக்குது. கைய வச்சே, எறக்கி வுட்டுடுவேன்.”

“என் பஸ்ஸுலயே என்னை எறக்குவியா நீ!” என்று சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்தார். ஓரிக்கைப் பாலத்தில் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. பேருந்து நிலையத்திலிருந்து பிள்ளையார்பாளையம் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

எட்டரை மணிக்கு வீடு சேர்ந்தோம். முன்கூடத்தில் தறி, அன்றைக்கு வெள்ளைத் துணி போர்த்தி ஓய்வு கொடுத்திருந்தார்கள். ஏகாம்பரம் கூடைகளைத் தாமே வாங்கி, தறிக்குப் பக்கத்தில் பெஞ்சில் பெட்டிகளை வரிசையாக வைத்தார். விருந்து பன்னிரண்டரைக்கு. பதினொன்றுக்கு வந்து எடுத்துப்போய் மாடி அடுப்பில் ஆறு ஆறாகச் சூடு பண்ணலாம், முதலில் சூடானவை கொஞ்சம் ஆறினாலும் பரவாயில்லை, கூடத்திலேயே பரிமாற ஆரம்பித்துவிடலாம் என்று எஸ்தர் கணக்குப் போட்டாள். மாடியில் போய்ச் சற்றுக் கண்ணை மூடினோம்.

பதினொன்றுக்குக் கீழே வந்தால், நாற்பது பெட்டியும் மூடியில்லாமல் கிடக்கின்றன. மேலே இரண்டு ஃபேன்.

“இன்னாண்ணா இது, மூடியெல்லாம் தொறந்து கெடக்குது?” என்றாள் எஸ்தர்.

“நான்தாம்மா தொறந்தேன்,” என்றார் ஏகாம்பரம் பெருமையாக. “உள்ளாற வேர்த்து மூடியில தண்ணி நின்னுக்கினு இருந்துச்சு. பட்டு அப்பிடி ஈரத்தோட மூடிக் கெடந்தா கறை வுழுந்துடும். அதான் காத்தாட வச்சேன். ரெண்டு மணி நேரமா ஃபேன் ஓடிக்கினு இருக்குது.”

நல்ல மனதோடு செய்த வேலை. பட்டுக்குச் சரி. பாஸ்தாவுக்கு அந்த வேர்வைதான் உயிர். விரலால் தட்டினேன், சீஸ் செருப்புத் தோலாட்டம் சத்தம் கொடுத்தது. எஸ்தர் என்னை ஓரமாக இழுத்தாள்.

“வேணாம்பா. ஓட்டல்ல எதுனா வாங்கிக்கச் சொல்லிடலாம். இத்தச் சாப்டா அப்புறம் நம்ம கிட்ட எப்பவும் கேக்க மாட்டாங்க.”

அவள் சொன்னது சரி. மாடி அடுப்பில் வைத்தால் இன்னும் காயும், நேரமும் போதாது. நான் நாற்பது வருடமாகக் காய்ந்த பன்னுக்கு உயிர் கொடுத்தவன். காய்ந்துபோனதற்கு நெருப்பைக் காட்டக் கூடாது, ஆவியைக் காட்ட வேண்டும்.

“தம்பி, வீட்டுல இட்லிக் கொப்பரை இருக்குதா?”

கோமதி சமையலறை வாசற்படியில் நின்றிருந்தார். “இருக்குது. காலையில இட்லி ஊத்துனதுதான்,” என்றார். ஆனால் நகரவில்லை. கொப்பரை அந்தப் படிக்கு உள்ளே இருக்கிறது. நான் மழுப்பிப் பழகாதவன்.

“நான் எங்க நின்னு செய்யட்டும்மா? தெருவுலயா?”

கோமதி புருஷனைப் பார்த்தார். புருஷன் பெட்டிகளைப் பார்த்தார்.

“தெருவுல காத்து அடிக்கும், அடுப்பு நிக்காது,” என்றார் கோமதி. “உள்ள வாங்கண்ணே. எஸ்தரு, நீயும் வாம்மா. இன்னா நின்னுக்கினு இருக்கிற, ஜல்தியா வா.”

மூன்று வருடம் தாண்டாத படியை என் மகள் தாண்டினாள்.

இனி செய்முறை. உங்கள் வீட்டில் காய்ந்தாலும் இதையே செய்யுங்கள். ஒன்றரை லிட்டர் பாலில் கரண்டி வெண்ணெய் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் கத்தி முனையால் ஐந்தாறு இடத்தில் குத்தி, இரண்டு மேசைக்கரண்டிச் சூட்டுப் பால் விட்டு, இறுக்கி மூடி, கொப்பரையில் பதினாலு பதினாலாக அடுக்கிப் பதினைந்து நிமிடம் ஆவியில் வைத்தேன். உள்ளே குழைந்துவிட்டது. மேலே மட்டும் சவசவ என்றிருந்தது. அதற்குத் தோசைக்கல்லைப் புகையப் புகையக் காய்ச்சி, திறந்த பெட்டிகளுக்கு மேலே ஒரு விரற்கடை விட்டுப் பிடித்தேன். ஒரு பக்கம் நான், மறு பக்கம் ஏகாம்பரம், ஆளுக்கொரு இடுக்கி.

“கை நடுங்குது பெரியவரே!”

“தறியில நடுங்காத கை இங்க ஏன் நடுங்குது? பட்டா நெனச்சிக்கினு புடி.”

ஒரே நிமிடத்தில் சீஸ் பொரிந்து சிவந்தது. கோமதி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எஸ்தர் கையிலிருந்த பெட்டியிலேயே ஸ்பூனை விட்டு வாயில் போட்டார். “அய்யோ, நல்லா இருக்குதுடி,” என்றார். எஸ்தர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பந்தி. பெட்டிகள் வழித்து வைத்தாற்போல் காலியாயின. ஏகாம்பரத்தின் பெரியப்பா, நெற்றி நிறையத் திருநீறு, இரண்டாவது பெட்டி கேட்டு வாங்கினார்.

“யாருப்பா பண்ணது இத்த?”

ஏகாம்பரம் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “நம்ம வூட்டுலதான் பெரியப்பா. நம்ம கொப்பரையில பண்ணது,” என்றார்.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். எஸ்தர் பேருந்து நிலையம் வரை கூட வந்தாள்.

“வுடுப்பா,” என்றாள். “சாப்ட்டாங்க இல்ல, அது போதும்.”

“உனக்குப் போதும். எனக்குப் போதாது.”

காலியான கூடைகளோடு பாலாறு தாண்டும்போது யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் என் பன்னை வாங்காதவர்கள் முகத்துக்கு நேரே வாங்காமல் போனார்கள். காஞ்சிபுரத்தில் இரண்டு பெட்டி தின்றுவிட்டுப் பேரை விழுங்கிவிட்டார்கள். ஏகாம்பரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. எங்களை உள்ளே விட்ட மனிதர், பெரியப்பாவுக்குப் பயந்தார், அவ்வளவுதான். ஆனாலும் இதை எழுதி எஸ்தருக்கு அனுப்புகிறேன், அவருக்குப் படித்துக் காட்டட்டும்.

தம்பி ஏகாம்பரம், கொப்பரை உங்களுடையது, பால் உங்களுடையது, தோசைக்கல்லின் ஒரு பக்கம் பிடித்ததும் நீங்கள்தான், மறுக்கவில்லை. பாஸ்தா செய்தது உங்கள் மாடியில் இருக்கும் எஸ்தர். காய்ந்துபோனதைச் சூடு பண்ணிக் காப்பாற்றியது அவள் அப்பா, மாகறல் தேவசகாயம். பெரியப்பா வீட்டுக்கு ஒரு நடை போய், இந்த இரண்டு பெயரையும் அவர் காதில் விழும்படி நீங்களே சொல்லிவிட்டு வர வேண்டும்.