கடல் மண் கலந்த அடுப்பு

ஐந்தாம் வகுப்பில் என் அம்மாதான் எனக்கு டீச்சர். கேட்பவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவள் என்பார்கள். அவர்களை ஒரே ஒரு வாரம் அந்த வகுப்பில் உட்கார வைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாம் அவளுக்கு 'மக்கா'. நான் மட்டும் 'ஏட்டி'. தன் பிள்ளைக்கு ஓரவஞ்சனை காட்டுகிறாள் என்று ஊர் சொல்லிவிடக் கூடாதாம். அதற்காக வகுப்பு முழுக்கப் பகிர்ந்து கொடுக்க வேண்டிய ஏச்சை எல்லாம் என் ஒருத்தி தலையிலேயே கொட்டினாள்.

எங்கள் பள்ளி மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில், கடலுக்கு ஐந்து நிமிஷ நடையில் இருந்தது. அந்த வருஷம் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்குப் பின்னால் நின்ற கொல்லாமரம் என்கிற முந்திரி மரத்தடியில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மண்ணில் சோறும் கறியும் வைத்து விளையாட ஓர் அடுக்களையை நாங்களே கட்ட வேண்டும். கணக்கு, அறிவியல், தமிழ் எல்லாம் இனி அங்கேதான். உடைந்த பெஞ்சுப் பலகையில் மேடை போட நீளம் அகலம் அளந்து பரப்பளவு கண்டோம். ஓட்டைக் குடத்தில் கல்லும் கரியும் மணலும் அடுக்கித் தண்ணீர் வடித்தோம். என்ன கறி வைக்கலாம் என்று தமிழ் நோட்டில் எழுதினோம். ஒருத்தன் பக்கம் முழுக்க மீன் பெயராகவே எழுதி வைத்திருந்தான், அம்மா அதற்கும் சிரித்துக்கொண்டே மார்க் போட்டாள்.

வேலைக்கு ஒரு கூட்டமாக அம்மா எங்களைப் பிரித்திருந்தாள், நான் மேடை போடும் கூட்டத்தில் இருந்தேன். என் அளவு ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. அம்மா வந்து பார்த்தாள், "ம்" என்றாள், போய்விட்டாள். 'நல்லா இருக்கு' என்று எல்லார் முன்னாலும் ஒரு தடவை சொன்னால் எனக்குப் போதும். அதற்காகத்தான் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பலகை தேய்த்தேன்.

அந்த 'நல்லா இருக்கு' ஜெனிஷாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜெனிஷா கடற்கரைத் தெருவிலிருந்து வந்தவள், அடுப்புக் கூட்டத்தில் இருந்தாள். குளத்துக் களிமண்ணில்தான் அடுப்பு பிடிக்க வேண்டும். வெறும் களிமண் காய்ந்தால் வெடித்துவிடும், மணல் சேர்க்க வேண்டும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. அவள் யாரையும் கேட்கவில்லை. தேங்காய்ச் சிரட்டையால் அளந்து, ஒவ்வொரு அளவுக்கும் ஓர் உருண்டை பிடித்து வெயிலில் வரிசையாக வைத்தாள். மறுநாள் வெடிக்காமல் கிடந்தது ஒன்றே ஒன்று. மூன்று சிரட்டைக் களிமண்ணுக்கு ஒரு சிரட்டை ஆற்று மணல். அம்மா கரும்பலகையில் 3:1 என்று எழுதி, இதுதான் விகிதம் என்று சொல்லி, பக்கத்தில் ஜெனிஷா என்றும் எழுதினாள். இரண்டு நாள் அதை அழிக்கவே இல்லை. போதாததற்கு அவளை முன்னால் உட்கார வைத்து, அவிழ்ந்து கிடந்த சடையைப் பின்னியும் விட்டாள். வீட்டில் எனக்குப் பின்னும்போது அந்தக் கை அவ்வளவு மெதுவாக நடந்ததில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. ஜெனிஷாவின் அம்மா மூன்று வருஷமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் வந்து 'எனக்க பொன்னே, எனக்க முத்தே' என்று கொஞ்சுவாள், ஏசவே மாட்டாள் என்று ஜெனிஷாவே சொல்லியிருக்கிறாள். அப்படிக் கொஞ்ச ஓர் அம்மா இருக்கும்போது இவளுக்கு என் அம்மாவும் எதற்கு? அதுதான் அன்றைக்கு என் நியாயம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுப்புக் கூட்டம் மண்ணைக் குழைத்துச் சாக்குப் போட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தது. நான் டிபன் பாத்திரத்தைக் காலி செய்துகொண்டு கடற்கரைக்கு ஓடினேன். எங்கள் ஊரில் கட்டுவதற்கும் பூசுவதற்கும் கடல் மண்ணை யாரும் தொட மாட்டார்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், கட்டியது நிற்காது. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். இரண்டு தடவை ஓடிப் பாத்திரம் நிறைய அள்ளி வந்து, அவர்களுடைய மண்ணில் கொட்டி மிதித்துவிட்டேன். பிறகு பையில் பாத்திரத்தை வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகப் பலகை தேய்த்தேன். சாயங்காலம் அவர்கள் அந்த மண்ணில் அடுப்பு பிடித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் அடுப்பின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மீதியும் சரியாகக் காயவில்லை, தொட்ட இடம் உதிர்ந்தது. ஜெனிஷா ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு கரிக்கு டீச்சர். கடல் மண்ணாக்கும்."

"அத யாரு கொண்டு வந்து கலந்தது?" என்று அம்மா கேட்டாள்.

ஜெனிஷா என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை நான் கடற்கரையிலிருந்து ஓடி வந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். மாட்டிக்கொண்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாந்தான் டீச்சர்" என்று ஜெனிஷாவின் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தால், அவள் என் அம்மாவுக்கு முன்னால் போய் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாள்.

அம்மா அவள் தலையில் கை வைத்தாள். "உண்மைய சொன்னியே மக்கா, அது போதும்" என்றாள். பிறகு சரிந்த அடுப்பையே பாடமாக்கி, உப்பு ஏன் ஈரத்தை இழுக்கிறது என்று ஒரு பீரியட் முழுக்க நடத்தினாள். நான் செய்த கெட்ட வேலைகூட ஜெனிஷாவுக்கு நல்ல பெயராகப் போய் முடிந்தது. அவளோ பாடம் முடிகிற வரைக்கும் குனிந்த தலை நிமிரவில்லை, கண் கலங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் கொஞ்சல் வேண்டுமாம், அதற்குத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு என்மேல் சந்தேகம் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் என் பையைக் கவிழ்த்துத் தட்டினாள். அடியிலிருந்து கடல் மண் கொட்டியது. முதுகில் இரண்டு விழுந்தது. பாத்திரம் கழுவும்போதும் ஏசினாள், சோறு விளம்பும்போதும் ஏசினாள், பாயை விரிக்கும்போதும் ஏசினாள். நாளைக்கு ஜெனிஷாவோடு சேர்ந்து அந்த அடுப்பை நீதான் திரும்பக் கட்ட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தாள்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் களிமண் குழைத்தோம். அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"டீச்சர் ஒன்னைய ஏசினாவளா?"

"ஏசினா. அடியும் கிட்டிச்சு."

"என்ன சொல்லி ஏசினாவ?"

எரிச்சலாக இருந்தாலும் சொன்னேன். ஒன்னைய பெத்ததுக்கு ஒரு தென்னம்பிள்ளைய வச்சிருக்கலாம் என்றதில் தொடங்கி, அந்தச் சோத்த முழுக்கத் தின்னாம எழும்பினா கால ஒடிச்சிருவேன் என்றது வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவள் குழைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும், "பெறவு?" என்றாள்.

"பெறவு என்ன, அவ்வளவுதான்."

அவள் மறுபடியும் மண்ணில் கை வைத்துக்கொண்டே, "நாந்தான்னு சொல்லியும் என்னைய ஒரு வார்த்த ஏசல்லியே" என்றாள்.

பீற்றிக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த களிமண்ணை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனேன். அந்த வருஷம் முடிகிற வரைக்கும் அவளோடு நான் பேசவில்லை.