விரதத்தில் நான் கொடுத்த தண்ணீர்

என் புருஷனை நானே கொன்றுவிட்டேன் என்று எட்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தவள் நான். பழனிக்கு நடக்கிற அன்பர்கள் இதைக் கேட்க வேண்டும்.

காரைக்குடியில் அவர் தச்சு வேலை பார்த்தார். தைப்பூசப் பாதயாத்திரையில் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நடப்பதாக வேண்டுதல். சிங்கம்புணரி தாண்டியதும் மயங்கி விழுந்தார். கூட நடந்த எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் தண்ணீர் ஊற்றினேன். எழுந்து நடந்து, மலையேறிக் கும்பிட்டுத்தான் வந்தார். ஊர் திரும்பிய மூன்றாம் நாள், பலகை இழைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். முப்பத்தாறு வயது.

“நீ விரதத்தைக் கெடுத்த. சாமி கேட்டுருச்சு” என்றார் என் மாமியார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

போன ஆடியில் என் மகள் வள்ளி பள்ளிக்கூட மைதானத்தில் ஓடும்போது விழுந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கதறினேன். “முருகா, தப்புப் பண்ணுனவ நான். எம் பிள்ளைய விட்டுரு.”

அன்று அங்கே வந்திருந்த இருதய டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, முதலில் அவள் அப்பாவைப் பற்றித்தான் கேட்டார். எல்லாம் சொன்னேன். தண்ணீர் கொடுத்ததையும் சொன்னேன்.

“இருதயத் தசை சுருங்கி விரிய சில புரதம் வேணும்மா. உங்க பொண்ணுக்கு அதைச் செய்யுற ஜீன்ல பிறவியிலேயே கோளாறு. அதனால செல்லெல்லாம் தடிச்சு, வரிசை தப்பி வளருது. இருதயச் சுவர் தடிச்சு ரத்தம் போற வழி குறுகிருது. இது பரம்பரையா வர்றது; உங்க வீட்டுக்காரருக்கும் இதுதான் இருந்திருக்கணும். இந்த நோய் இருக்கவங்க தண்ணி குடிக்காம நடக்கவே கூடாது. நீங்க செஞ்சது சரிம்மா.”

“என்ன டாக்டர் சொல்றீக?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

வள்ளிக்கு மாத்திரை கொடுத்து, மதுரையில் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். துடிப்பு தாறுமாறானால் அதுவே சரிசெய்யுமாம். ஓட்டப்பந்தயம் இனிக் கிடையாது. வாயாடுவதற்கு மட்டும் ஒரு தடையும் இல்லை.

டாக்டர் சொன்னதை மாமியாரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம் புள்ள தவிச்ச வாய்க்கு நீதானடி ஆத்தா தண்ணி குடுத்த” என்று அழுதார். எட்டு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

நான் பிள்ளையை மட்டும்தான் கேட்டேன். முருகன் என் மனப்பாரத்தையும் சேர்த்து இறக்கிவைத்தான். உங்கள் வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று போயிருந்தால், யார் தலையிலும் பழி போடாதீர்கள். பிள்ளைகளை இருதய டாக்டரிடம் காட்டுங்கள். முருகனிடம் வாய்விட்டு அழுங்கள். அவன் தண்டிக்கக் காத்திருக்கிற சாமி இல்லை.