பிராங்க்பர்ட் டு லண்டன், நாப்பது நிமிசம்

ப்ளைட் டிக்கெட் போட்டுக் குடுக்கறவளுக்குப் பூகோளம் தெரிஞ்சாப் போதாது, பொறுமையும் வேணும்; திருப்பூர்ல கடை போட்டா அது ரெண்டு மடங்கு வேணும். மேசைக்குப் பின்னாடி உக்காந்து சிரிச்சுச் சிரிச்சே வாய் வலிச்ச என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான். ரெண்டாயிரத்து அஞ்சு வாக்கில நடந்தது.

அரை இஞ்சு

சுப்பண்ணன் குழந்தைங்க பனியன் ஏற்றுமதி பண்றவர். பிராங்க்பர்ட்டுல சரக்கு வாங்கற ஒரு பையரைப் பார்த்துட்டு, மறுநாள் மத்தியானம் லண்டன் பையரைப் பார்க்கோணும். லண்டன் ஆர்டர் கைவிட்டுப் போனா பாதி மெசினை நிறுத்தோணும்னு கவலையோட வந்தார்.

சுவத்துல உலகப் படம் இருந்துச்சு. பாக்கெட்டுல இருந்து இஞ்ச் டேப்பை எடுத்து வெச்சு அளந்தார். "அரை இஞ்சுகூட இல்லீங்க அம்மணி, டாக்ஸியே போதும்"னார். சென்னை போறதை விடத் தூரமுங்கண்ணா, நடுவுல கடல் வேறன்னு சொன்னேன்.

"நொய்யல் ஆத்துக்கே நாம பாலம் போட்டிருக்கறோம், வெள்ளைக்காரன் போடாமயா இருப்பான்?"

காலிப் பொட்டி

ஒருவழியா டிக்கெட் போட்டேன். பிராங்க்பர்ட்டுல இருந்து போறப்போ பதினொண்ணுக்குக் கெளம்பி பதினொண்ணு நாப்பதுக்கு எறங்கும். வர்றப்போ பார்த்தா ரெண்டு மணி நாப்பது நிமிசம் காட்டுது. லண்டன் கடியாரம் ஒரு மணி நேரம் பின்னாலங்கண்ணா, நெசமாப் பறக்கறது ரெண்டு பக்கமும் ஒரு மணி நாப்பது நிமிசம்தான்னு விளக்கினேன். நான் ஏமாத்தறேன்னே முடிவு பண்ணிட்டார்.

"போறப்போ பொட்டி நெறய சாம்பிளு, வர்றப்போ காலிப் பொட்டி. அப்ப இன்னும் வெரசாத்தானுங்க வரோணும்?"

சகலை

அடுத்த நாள் அவரோட சகலை வந்தார். அதே லண்டன், அதே பையர், அதே ஆர்டர்! யாருக்கும் சொல்லிராதீங்கன்னு வேற கேட்டுக்கிட்டார். பையர் அதே நாள்ல இவருக்கு ரெண்டரைக்கு நேரம் குடுத்திருந்தார், சுப்பண்ணனுக்கு மூணு மணி. எறங்குனதும் வாட்ச்சைத் திருப்பிருங்கன்னு ரெண்டு பேருக்குமே சொன்னேன். சகலை பவ்யமாக் கேட்டுக்கிட்டார். சுப்பண்ணன் மணிக்கட்டைப் பொத்திக்கிட்டார்.

"பிராங்க்பர்ட்டுல ஒருக்காத் திருப்பறேன். மறுபடியும் திருப்புனா, மாமனார் போட்ட வாட்ச்சு, சாவி கையோட வந்துருமுங்க."

ராசி

போயிட்டு வந்ததும் சுப்பண்ணன் நேரா என்கிட்ட சண்டைக்கு வந்தார். லண்டன்ல எறங்குறப்போ அவர் வாட்ச்சுல பன்னெண்டு நாப்பதாம். ஒரு மணி நேரம் லேட்டுன்னு பதறி, சோறு தண்ணி இல்லாம ஓடி, அந்த வாட்ச்சுல மூணுக்குப் பத்து நிமிசம் இருக்கறப்போ போய்ச் சேர்ந்திருக்கார். அங்க நெச மணி இன்னும் ரெண்டுகூட ஆகலை. சும்மா இருந்த பையர் சாம்பிளைப் பார்த்து ஆர்டரைக் குடுத்துட்டார். ரெண்டரைக்குச் சரியா சகலை உள்ள நுழைஞ்சா, சுப்பண்ணன் டீ குடிச்சுட்டு உக்காந்திருக்கார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

"சிரிக்காதீங்க அம்மணி. ஆனா ராசியான ப்ளைட்டு. அடுத்த வாட்டியும் அந்த லேட்டாப் போறதையே போட்ருங்க."

சொன்னபடி வாட்ச்சைத் திருப்பி வெச்ச சகலைதான், அன்னிக்கிருந்து வேற கடையில டிக்கெட் போடறார்.