தோணிக்காரரின் தோடங்கன்று

இரண்டாம் உலக யுத்தத்தில் மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் வந்திருந்த காலம். வவுணதீவுத் துறையின் தோணிக்காரர் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கு எரிக்கிறார் என்று ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையான என்னிடம் மூன்று பேர் வந்து சொன்னார்கள். ஒட்டிய கன்னமும் நரைத்த மீசையுமாக இருப்பார். யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். தோணியில் ஏறுகிறவர்களின் கால்களைத்தான் பார்ப்பார். எனக்கு அந்த ஆளில் என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை.

உள்ளே எதிரிக்குச் செய்தி அனுப்பும் ரேடியோப்பெட்டி ஏதும் இருக்கும் என்று கதவைத் தள்ளினேன். அரிக்கன் லாம்பின் முன்னால் ஒரு வெறும் பால்பேணித் தகரம். அதில் இரண்டே இலையோடு, ஆரஞ்சுப்பழம் காய்க்கும் ஒரு தோடங்கன்று. ஓர் இலை மஞ்சளாகித் தொங்கியது.

"வெயிலில வைக்காம இதென்ன கூத்து?"

"வெளியில வச்சா கண்ணூறு படுகுது, விதானையார். ரெண்டு கண்டு கருகிப் போச்சு."

"நான் பார்த்தா ஒண்டும் ஆகாது. நல்ல வடிவான கண்டு."

வெளியே வந்தேன்.

வேலிப் படலையடியில் திரும்பிப் பார்த்தேன். முற்றத்து மணலில் என் காலடி பதிந்த இடத்தில் குனிந்து, ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டிருந்தார். கண்ணூறு கழிய, கண் வைத்தவரின் காலடி மண்ணைச் செத்தல் மிளகாயோடு நெருப்பில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

கன்று தப்பியதா என்று நான் கேட்கவே இல்லை. தப்பியிருந்தால் மண்ணை எரித்தது பலித்ததாகி, என் கண்தான் பொல்லாதது என்றாகும். பட்டுப்போயிருந்தாலும் அதேதான்.