எந்தக் கப்பலில் வந்தீர்கள்? ஒரு கல்வெட்டுக்காக மாயாபந்தர் வரை

இந்த வருடம் பிப்ரவரியில் நான் அந்தமான் போனது கடல் பார்க்க அல்ல. கடல் ஊரிலேயே இருக்கிறது, தூத்துக்குடிக்குத் தெற்கே. போனது அந்தோணி மாமாவின் நச்சரிப்பால். எங்கள் கோயிலுக்குப் புதிதாக எழும்பும் வளைவில், மாமாவின் தாத்தாவுக்கு அண்ணனான சவரியானின் பெயரைத் 'தியாகி' என்று போட்டுக் கல் வெட்ட வேண்டும். இரண்டாம் உலகச் சண்டையில் அந்தமானைப் பிடித்த ஜப்பான்காரர்களுக்கு வழிகாட்ட மறுத்ததால் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டவர், சாகும்போது கையில் மரச்சிலுவை இருந்தது என்பது எங்கள் குடும்பக் கதை. பங்குச் சாமியார் "அத்தாட்சி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு வேலை இன்சூரன்ஸில். விபத்து நடந்த இடத்துக்குப் போய் யார் சொல்வதை நம்பலாம் என்று பார்ப்பது. "ஏல, ஊரான் லாரிக்கெல்லாம் அலையிறல்லா, நம்ம தாத்தாவுக்கு ஒரு தடவ போயிட்டு வா" என்றார் மாமா.

சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். இறங்கும் ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பலகை அப்படிச் சொல்கிறது, ஆட்கள் போர்ட் பிளேர் என்கிறார்கள். நானும் ஆட்கள் பக்கம். விமான நிலையத்துக்கு அருகே பத்துபஸ்தியில் அறை, நாளுக்கு ஆயிரத்து இருநூறு. அங்கேயே டாக்சி ஓட்டும் முருகேசன் கிடைத்தார். பெற்றோர் ராமநாதபுரம், இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் தீவில். சிறைச்சாலையைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, நான் கேட்காமலே ஒரு கதையை எடுத்துவிட்டார்: தமிழ் ஆள், ஜப்பான்காரன், துப்பாக்கி, கையில் மரச்சிலுவை. எனக்குப் புல்லரித்துவிட்டது. போதாததற்குத் தன் போனில் ஓர் இந்தி வீடியோவும் காட்டினார். அதிலும் அதே மரச்சிலுவை. மூன்று சாட்சி கிடைத்தாயிற்று என்று மாமாவைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் தொழில்புத்தி எட்டிப் பார்த்தது. ஒரே விபத்தைப் பார்த்த மூன்று பேர் ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒருவர் லாரி என்பார், ஒருவர் டெம்போ என்பார். அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனால் எங்கோ உட்கார்ந்து பேசிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னது என்று முருகேசனிடம் கேட்டேன்.

"மெயின்லேண்ட்ல இருந்து ஒரு பெரியவர் வந்தாருண்ணா, சர்ச் பார்ட்டி. வண்டியில பூரா அவர்தான் சொல்லிட்டே வந்தாரு. வீடியோ எடுக்க வந்தவங்களுக்கு நான் சொன்னேன். ஏக்தம் பக்கா கஹானி, டூரிஸ்ட் எல்லாம் அழுதுருவாங்க."

பெரியவர் இடது காதில் மெஷின் வைத்திருந்தாரா என்றேன். வைத்திருந்தாராம். சாட்சாத் எங்கள் மாமாதான்! சில வருடங்களுக்கு முன் பங்கிலிருந்து சுற்றுலா வந்திருந்தார். மூன்று சாட்சியும் ஒரே வாய்.

மறுநாள் புரோத்ராபூர், நகரப் பேருந்தில் சிறிது தூரம். பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் முருகேசன் அனுப்பியிருந்தார். அவர் சொன்னது தலைகீழ். சவரியான், ஜப்பான்காரனுக்கு அரிசி பதுக்கிய வீடுகளைக் காட்டிக்கொடுத்தவராம், ஊர்க்காரர்களே கதையை முடித்துவிட்டார்களாம். நேரில் பார்த்தவர் மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு ஆளைப் பற்றி என்பதால் உடனே பொய் என்று முடிவுகட்டப் பார்த்தேன். வேலையில் அப்படிச் செய்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

இங்கே பழைய குடும்பங்கள் பழக ஆரம்பித்ததும் ஒன்று கேட்டுக்கொள்கிறார்கள்: எந்தக் கப்பலில் வந்தீர்கள்? ஒரு குடும்பம் எப்போது கரையேறியது என்பதில்தான் மதிப்பு. சண்டைக்கு முன் வந்தவர்கள் என்றால் ஒரு படி மேல். நானும் தோட்டக்காரரிடம் அதைக் கேட்டேன். சண்டை முடிந்தபின் குடியேற்றக்காரர்களோடு வந்த கப்பலில் தன் அப்பா வந்ததைப் பெருமையாகச் சொன்னார். அப்படியானால் அப்பா பார்த்திருக்க வழியில்லை. அவருக்கு யார் சொன்னார்கள் என்பதும் இவருக்குத் தெரியவில்லை. பொய் என்று சொல்ல மாட்டேன், செவிவழிச் செய்தி. சண்டைக்கு முன்பே கப்பலில் மரம் ஏற்றும் வேலைக்கு வந்த தமிழர்கள் மாயாபந்தரில் இருக்கிறார்கள் என்று வழி சொன்னவரும் அவர்தான்.

மாயாபந்தர் வடக்கே சுமார் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். அரசுப் பேருந்து விடியுமுன் கிளம்பும், முந்தின நாளே சீட்டு எடுத்துவிடுங்கள். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகளைச் சேர்த்து வரிசையாகத்தான் காட்டுக்குள் விடுவார்கள். உள்ளே நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அங்கே வசிக்கும் பழங்குடிகள் வேடிக்கைப் பொருள் அல்ல. நடுவில் பேருந்தோடு படகில் ஏறிக் கடலைக் கடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் முதுகு கழன்றுவிட்டது.

ஜெட்டிக்குப் பக்கத்தில் படகு இன்ஜின் சாமான் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயதிருக்கும். பூர்வீகம் எங்கள் கடற்கரைதான். கப்பல் கேள்விக்குச் சரியான பதில் வந்தது: தாத்தா சண்டைக்கு முன்பே மரம் ஏற்ற வந்தவர். சவரியான் பெயரைச் சொன்னதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"சுடவும் இல்ல, காட்டிக் குடுக்கவும் இல்லண்ணே. ஜப்பான் டைம் கடைசியில ராஷனே கிடையாது, மரவள்ளிதான். எங்க தாத்தாவும் அவரும் ஒரே கொட்டகை. அவரு காய்ச்சல்ல கிடந்தாரு. அவரு பங்கையும் எங்க தாத்தா தின்னுட்டாரு. கொஞ்ச நாள்ல அவரு போயிட்டாரு. தாத்தா சாகுறப்ப எங்கப்பாவக் கூப்பிட்டு இத மட்டும்தான் சொன்னாரு."

அதனால் கல்லறைத் திருநாளன்று இவர்கள் வீட்டில் மரவள்ளி அடுப்பில் ஏறாது. அக்கம்பக்கத்தில் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். சவரியானை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாததால், தாத்தாவின் கல்லறையிலேயே அவருக்கும் சேர்த்து இரண்டு மெழுகுவர்த்தி. வெளியாளிடம் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை என்றார்.

இதற்கும் வேறு சாட்சி கிடையாது. ஆனால் மாமாவின் கதை எங்கள் குடும்பத்தைத் தூக்கி வைக்கிறது. தோட்டக்காரர் கதையில் கெட்டவன் அடுத்த வீட்டுக்காரன். சொல்பவர் வீட்டுக்கே தலைகுனிவு தரும் கதை இது ஒன்றுதான். நான் இதை நம்பினேன். ஆனாலும் அறிக்கையில் 'உறுதி' என்று எழுத மாட்டேன்.

ஜெட்டியில் நின்றே போனில் மாமாவுக்கு எல்லாவற்றையும், அடுப்பில் ஏறாத மரவள்ளி வரைக்கும், சொன்னேன். முழுவதும் கேட்டார். "பட்டினி கெடந்து செத்தவம் பேர எவம்ல கல்லுல வெட்டுவாம்?" என்று வைத்துவிட்டார். அதன்பிறகு மாதக்கணக்கில் பேச்சில்லை. அப்பா இல்லாத என்னைப் படிக்க வைத்தவர் அவர். எனக்கு வலித்தது, மறைப்பானேன்.

போக நினைப்பவர்களுக்கு: வடக்கே போனால் குறைந்தது இரண்டு இரவாவது தங்குங்கள். கையில் ரொக்கம் வைத்திருங்கள், ஏடிஎம்மையும் சிக்னலையும் நம்ப வேண்டாம். வண்டியில் கதை கேட்டால், அது எவ்வளவு உருக்கமாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். சொல்பவருக்கு யார் சொன்னது என்று கேளுங்கள். சுற்றிச் சுற்றி உங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கலாம்.

ஜூனில் வளைவைத் திறந்தார்கள். கல்லில் 'சவரியான், அந்தமான்' என்று மட்டும் இருந்தது. 'தியாகி'க்கு விட்டிருந்த இடம் வெறுமையாகவே இருந்தது. யார் முடிவு என்று நான் கேட்கவில்லை.

நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், அத்தை போன் செய்தார். "ஒம் மாமாவுக்கு என்னாச்சுன்னு தெரியல. வாங்கி வச்ச மரவள்ளியப் பூராவும் தூக்கி அடுத்த வீட்ல குடுத்துட்டாவ. நாளைக்கு இந்த வீட்டு அடுப்புல அது ஏறக் கூடாதாம்."