பால்மரத்தில் கடைந்த நாற்காலிக் கால்

ஸ்டெல்லா இறந்துவிட்டார் என்று அவர் கணவர் சூசை போனில் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே என் மனைவி காளியம்மா தன் நாற்காலியில் இருந்தாள். "காலையில எழுப்பினேன், எழுந்திருக்கல அண்ணே" என்றார் சூசை.

உலு யாமில் ஸ்டெல்லாவோடு பழகிய உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. நான் பக்கத்து ஊரான ராசாவில் இருக்கும் முனியாண்டி. ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவன். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்டேன். ஒரு சொல் சரியாக வந்துவிட்டால் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மெதுவாகத்தான் எழுத முடிகிறது.

காளியம்மாவுக்குக் கால்களில் பலம் குறைந்துவிட்டது. தோட்டம் மூடியபோது, கணக்கெழுதும் கிராணி வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த பழைய மர நாற்காலியில் இருந்தால் மட்டும், அதன் இரு கைகளையும் ஊன்றித் தானாக எழுந்துவிடுவாள். அதன் முன்கால் ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. மகன் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்தான். ஊன்றியதும் அது பின்னால் நழுவியது. "கக்கூஸுக்குப் போகக்கூட ஆளைக் கூப்பிடணுமா?" என்று காளியம்மா அழுதாள்.

பழைய சாமான்களுக்குக் கால் கடைந்து கொடுப்பவர் என்று யாரோ சொல்லித்தான் நாற்காலியோடு ஸ்டெல்லாவிடம் போனேன். அவர் ரவாங்கில் நாற்காலித் தொழிற்சாலையில் மரம் தேய்த்தவர். வேலை ஓய்ந்த பிறகு பழைய கடைசல் மெஷின் ஒன்றை வாங்கி, கார் நிறுத்தும் இடத்தில் வைத்து, தானே பழகியவர். நாற்காலியின் நல்ல காலையும் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதுவும் உள்ளே கூடுதான் அண்ணே. இன்னைக்கு நானே ஒண்ணு செஞ்சு தந்துடலாம். அடுத்தது உடையறப்ப நான் இருக்கணுமே? நீங்களே கத்துக்குங்க லா."

"எழுபது வயசுலயா தங்கச்சி?"

"நான் அறுபதுல தொடங்கினேன். நீங்க கொஞ்சம் லேட், அவ்வளவுதான்."

மெஷின் பக்கம் போனதும் என் தோளிலிருந்த துண்டைக் கழற்றச் சொன்னார். "இதுக்கிட்ட மரியாதை வேணாம், பயம் இருந்தா போதும்." முதலில் மரத்தைக் கையால் சுற்றிவிட்டு, எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே சுவிட்சைத் தொடுவார். அதுவும் பக்கவாட்டில் நின்றுதான்.

பழகுவதற்குப் பால்மரக் கட்டையைத்தான் மாட்டினார். நான் உளியைப் பிடித்தேன். சதுரக் கட்டை டகடகவென்று சுற்றியது. மேலே தூசி போல ஏதோ உதிர்ந்ததே தவிர, கட்டை சதுரமாகவே இருந்தது. ஸ்டெல்லா மெஷினை நிறுத்தினார்.

"என்னண்ணே, மரத்துக்குச் சவரம் பண்றீங்களா?"

"பட்டையைத் தாண்டிக் கத்தி போகக் கூடாதும்மா. மரத்துல காயம் பட்டா, மேல்பார்வை பார்க்கிற மண்டோர் ஏசுவான்" என்றேன். வாழ்நாளெல்லாம் அப்படித்தான் வெட்டியிருக்கிறேன். என் கை தானாகவே நின்றுவிட்டது.

அவர் சிரித்த சிரிப்பில் சூசை வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, இதுல இனிமே பால் வராது. மண்டோரும் வரமாட்டான். தைரியமா வெட்டுங்க!"

வெட்டினேன். உளி மாட்டிக்கொண்டு கட்டையில் ஒரு சில்லு தெறித்துப் போனது. அவர் ஏசவில்லை. "உளியோட முதுகு முதல்ல மரத்தைத் தொடட்டும். வாய் அப்புறம்" என்றார். அப்படி வைத்துப் பிடியை மெல்ல உயர்த்தினேன். சுருள் சுருளாகச் சீவல் வந்தது. பால்வெட்டுக் கத்தியில் வரும் அதே சீவல்! டகடகச் சத்தம் அடங்கியது. "கேட்டீங்களா? உருண்டையாயிடுச்சு" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அதே பால்மரத்தில் நாற்காலிக்கான காலைக் கடைந்தபோது, கிராணி வீட்டில் அது இருந்த அழகை நினைத்துக் குமிழ்களைப் பெரிதாக வைத்தேன். ஸ்டெல்லா பழைய காலைப் பக்கத்தில் நிறுத்தினார். "இது தேய்ஞ்சு போனது. புதுசுல எப்படி இருந்திச்சுன்னு நினைக்காதீங்க. இப்ப இருக்கிறதுக்கு ஜோடியாச் செய்யுங்க." உடைந்த சாமான் எதைப் பார்த்தாலும் எனக்கு இன்றும் அந்த வார்த்தைதான் நினைவுக்கு வரும்.

உள்ளே கூடாயிருந்த அந்த இன்னொரு காலுக்கும் மாற்று கடைந்தபோது அவர் என் பக்கத்தில் நிற்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். திரும்பாமலே, "உளி மழுங்கிடுச்சு, தீட்டுங்க" என்பார். சத்தமே அவருக்குப் போதும். முடித்துக் கையில் கொடுத்தபோது தடவிப் பார்த்து, "இனி நான் எதுக்கு?" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

நான் சில்லு தெறிக்கவிட்ட அந்த முதல் கட்டையை எறிய அவர் விடவில்லை. "அடுத்து பயந்துகிட்டு வர்ற ஆளுக்குக் காட்டணும்" என்று என்னிடமே கொடுத்தார். அது என் அலமாரியில் இருக்கிறது. பயந்துகொண்டு யாராவது வந்தால் காட்டுவேன்.

அன்று போனை வைத்துவிட்டு காளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் கை கழுவிவிட்டு அவளைத் தூக்கிவிட வருவதற்குள், இரு கைகளையும் ஊன்றி எழுந்து நின்றாள். நாற்காலி அசையவில்லை.

"கிளம்புங்க. அந்தப் பிள்ளை முகத்தை நான் பார்க்கணும்" என்றாள்.